கடலோரத்தில் கிணற்றுக்கு அனுமதியும் பாசனப் பரப்புக்கு வரம்பும் எதற்கு?

எங்கே, எவ்வளவு ஆழத்துக்குக் கிணறோ போரோ போடலாம் என்பது கிணற்று அனுமதி. அந்தத் தண்ணீரை எத்தனை ஏக்கருக்குப் பாய்ச்சலாம் என்பது பாசன வரம்பு. கிணறுகளை மட்டும் எண்ணினால் போதாது. ஒரே போரில் பெரிய மோட்டாரை வைத்துப் பத்துக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிடலாம்.

ராமநாதபுரம் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் நல்ல தண்ணீர் அள்ளுவார்கள். அது மணலில் இறங்கிய மழைநீர். கண்ணாடி விளக்கில் தண்ணீர்மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி, கனமான உப்புநீரின்மேல் அது நிற்கிறது. இதில் ஒரு கொடுமையான கணக்கு உண்டு: நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் சுமார் 40 அடி மேலேறும். அப்புறம் அளவாக இறைத்த பக்கத்து மிளகாய்க் கொல்லைக்கும் உப்புதான்.

சரி, இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வராதா என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மணற்பாங்கில் ஆழம் கூடக்கூட உப்புதான் நெருங்கும்.