யூகோஸ்லாவியா ஏன் உடைந்தது? தேர்வில் எப்படி எழுதுவது?

கேள்வி: குடிமைப் பணித் தேர்வுக்கு உலக வரலாறு படிக்கிறேன். யூகோஸ்லாவியா உடைந்ததற்குக் காரணம் "இனங்களுக்கிடையே நூற்றாண்டுப் பகை" என்று எழுதலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த வரியை விட்டுவிடுங்கள். பகைதான் காரணம் என்றால், அது 1991-ல் ஏன் வெடித்தது என்பதற்கு விளக்கம் கிடைக்காது. 1971-ல் குரோஷியாவில் தேசிய இயக்கம் எழுந்தபோது, அங்கிருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையை விலகச் செய்தே, நாட்டை ஆண்ட டிட்டோ அதை அடக்கிவிட்டார். இருபது ஆண்டுகளில் மாறியது என்ன என்பதே உங்கள் விடை.

1974 அரசியல் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதிகாரம் பெரும்பாலும் ஆறு குடியரசுகளுக்கும், செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ, வொய்வொதினா என்ற இரு தன்னாட்சி மாகாணங்களுக்கும் போனது. கட்சி, வங்கி, பத்திரிகை எல்லாமே குடியரசுவாரியாகப் பிரிந்து நின்றன. 1980 மே மாதம் டிட்டோ இறந்த பிறகு, குடியரசுக்கும் மாகாணத்துக்கும் ஒருவர் வீதம் எட்டுப் பேர் கொண்ட கூட்டுத் தலைமைக் குழு ஆண்டுக்கொருவரைத் தலைவராக்கி ஆண்டது. பஞ்சாயத்து செய்ய மேலே ஆளில்லை.

அடுத்தது கடன். சுமார் 2,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனும் எகிறிய பணவீக்கமும் சேர்ந்து, "யார் உழைப்பில் யார் வாழ்கிறார்கள்" என்ற சண்டையைக் கிளப்பின. வளமான ஸ்லோவேனியா, பின்தங்கிய பகுதிகளுக்கான நிதிக்குப் பணம் தர முகம் சுளித்தது.

மதிப்பெண் இருக்குமிடம் இனிமேல்தான். அந்தக் குழுவின் ஓட்டுக் கணக்கைக் கட்டாயம் எழுதுங்கள். கொசோவோ செர்பியர்களின் குறைகளைக் கையிலெடுத்து 1987-ல் உயர்ந்த செர்பியக் கட்சித் தலைவர் மிலோசெவிச், தெருப் போராட்டங்களைத் திரட்டி 1988 அக்டோபரில் வொய்வொதினாவின் தலைமையையும் 1989 ஜனவரியில் மாண்டினீக்ரோவின் தலைமையையும் கவிழ்த்தார். மார்ச்சில் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். செர்பியாவையும் சேர்த்தால் எட்டில் நான்கு ஓட்டு அவர் பக்கம். முடிவெடுக்க ஐந்து வேண்டும். தடுக்க நான்கே போதும். சிறுபான்மை இனங்களுக்குப் பாதுகாப்பாகப் போட்ட ஏற்பாடு இப்படித்தான் முட்டுக்கட்டையானது. இதைப் பார்த்த ஸ்லோவேனியரும் குரோஷியரும் கூட்டாட்சிக்குள் தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று முடிவுகட்டினர். 1990 ஜனவரி கட்சி மாநாட்டில் ஸ்லோவேனியர் வெளிநடப்புச் செய்ய, குரோஷியரும் தொடர்ந்தனர். நாட்டைப் பிணைத்திருந்த முக்கியக் கயிறு அந்தக் கட்சிதான்.

பலர் தவறவிடும் ஒன்று: 1990-ல் பலகட்சித் தேர்தல் ஒவ்வொரு குடியரசிலும் நடந்தது, கூட்டாட்சி அளவில் நடக்கவே இல்லை. நாடு முழுவதற்குமாகப் பேசிய பிரதமர் அன்தே மார்கோவிச்சுக்கு மக்கள் தீர்ப்பு என்று காட்ட எதுவும் இல்லை. ஒவ்வொரு குடியரசின் தலைவருக்கோ அது இருந்தது, அதுவும் பெரும்பாலும் தேசியவாதம் பேசிப் பெற்றது.

1991 மார்ச்சில் நெருக்கடி நிலை கேட்ட கூட்டாட்சி ராணுவத்துக்குத் தலைமைக் குழுவில் ஐந்தாவது ஓட்டு கிடைக்கவில்லை. போஸ்னியப் பிரதிநிதி பொகிச் பொகிசெவிச், தாமே செர்பியராக இருந்தும் எதிர்த்து வாக்களித்தார். இன அடையாளம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. மே மாதம், முறைப்படி தலைவராக வேண்டிய குரோஷியர் ஸ்தீபே மெசிச் தடுக்கப்பட்டார். ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலை அறிவித்தன.

ஸ்லோவேனியாவில் போர் பத்து நாளில் முடிந்தது. அங்கே செர்பியர் மிகக் குறைவு. குரோஷியாவில் அவர்கள் சுமார் 12 சதவீதம். போஸ்னியாவில் முஸ்லிம்கள் (அங்கே ஓர் இனமாகவே கணக்கிடப்பட்டவர்கள்) 44, செர்பியர் 31, குரோஷியர் 17 சதவீதம். எந்த இனத்துக்கும் பெரும்பான்மை இல்லை. குடியரசின் எல்லையும் இனத்தின் எல்லையும் எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் ரத்தம் அதிகம் சிந்தியது.

ஜெர்மனி அங்கீகரித்ததால்தான் நாடு உடைந்தது என்று எழுதிவிடாதீர்கள். அந்த அங்கீகாரம் 1991 டிசம்பரில் வந்தது. குரோஷியாவின் வூகோவார் நகரம் நவம்பர் 18 அன்றே வீழ்ந்துவிட்டது.