இரவு நேரத்தில் அந்தக் குழாயடியில் யார் நிற்கிறார்கள்?

கேள்வி: நான் ஒரு குழந்தைகள் இல்லத்தின் காப்பாளர். 5 வயது முதல் 15 வயது வரை 34 பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் தினமும் காலையில் பல் தேய்க்கிறார்கள், நானே பார்க்கிறேன். ஆனாலும் போன மாதம் நடந்த பல் முகாமில் 21 பேருக்குச் சொத்தை என்று எழுதிக் கொடுத்தார்கள். முகாமை ஏற்பாடு செய்தவர் எல்லோருக்கும் ஒரு கிளினிக்கில் இலவசமாகச் சிகிச்சை செய்து தருவதாகச் சொல்லி, மொத்தமாக ஒரே படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? தினமும் தேய்த்தும் ஏன் சொத்தை வருகிறது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் அந்தச் சொத்தை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் காலை இருக்கிறது, இரவு இல்லை. இனிப்போ மாவுப் பண்டமோ சாப்பிட்டதும் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்த்துவிடும். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் பல்லிடுக்கில் எது இருக்கும்போது பிள்ளை படுக்கிறதோ, அது விடியும்வரை அங்கேயே வேலை செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு முறை தேய்க்க வேண்டும். ஒன்றுதான் முடியும் என்று யாராவது என்னிடம் அடம் பிடித்தால், இரவை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

சாப்பாடு முடிந்து, மருந்து சிரப் இருந்தால் அதையும் கொடுத்து முடித்து, கடைசி வேலையாகப் பல் தேய்க்க வேண்டும். பல சிரப்களில் சர்க்கரை இருக்கிறது. தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான்.

இல்லங்களுக்குப் போனால் பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதற்கு முன் பிரஷ் வைத்திருக்கும் இடத்தைப் பார்ப்பது என் வழக்கம். ஒரு இல்லத்தில் ஒரே பிளாஸ்டிக் குவளையில் இருபதுக்கு மேற்பட்ட பிரஷ்கள். எல்லாம் ஒரே நீலம். தலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, குவளையின் அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கியிருந்தது. “உன் பிரஷ் எதும்மா?” என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். கையில் முதலில் சிக்கியதை எடுத்துக் காட்டினாள். அதன் நார்கள் பூப்போல விரிந்து கிடந்தன. ஈறில் இரத்தம் கசியும் பிள்ளையின் பிரஷ்ஷை இன்னொரு பிள்ளை பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி போன்ற தொற்றுகூடப் பரவலாம். ஒவ்வொரு பிரஷ்ஷிலும் பெயர் எழுதுங்கள், எழுத்து தெரியாத பிள்ளைக்கு ஒரு படம் ஒட்டுங்கள். ஒன்றையொன்று தொடாமல், நிமிர்த்தி, காற்றாட வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

பேஸ்ட் விஷயத்தில் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். பேஸ்ட் டியூபின் பின்னால், பல்லின் மேற்பூச்சை உறுதியாக்கும் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரை என்று இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஃபுளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஆனால் இல்லங்களுக்குப் பெட்டி பெட்டியாக நன்கொடை வருவதில் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. கூடவே பெரியவர்களுக்கான கெட்டி பிரஷ், பல்லை உராயும் கரித்தூள். வாங்கி வைத்துவிட்டு மனமில்லாமல் பயன்படுத்துவதைவிட, வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பிவிடலாம். 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிக்கொண்டு போய்விடும்.

சரி, தேய்ப்பது யார்? ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கை மட்டும் போதாது. பெரியவர் ஒருவர் பின்னால் நின்று, பிள்ளையின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, ஒரு விரலால் உதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷை ஓட்ட வேண்டும். இரண்டு நிமிடம். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஆறு வயதுவாக்கில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால் யாருக்கும் தெரிவதில்லை. அது பால் பல் இல்லை, ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். நான் இல்லப் பிள்ளைகளிடம் பார்க்கும் மோசமான சொத்தை பெரும்பாலும் அதில்தான்.

உங்கள் 34 பேரில் எட்டு வயதுக்குட்பட்டவர்கள் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் இருபத்து நான்கு நிமிடம், ஒரு ஆளுக்கு அரை மணி வேலை. அந்த அரை மணிக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டார். பகல் பணியாளர் கிளம்பும் நேரமும் இரவுப் பணியாளர் வரும் நேரமும் சரியாக அங்கேதான் முட்டிக்கொள்ளும். ஆய்வுக்கு வருகிறவர்கள் கட்டிலை எண்ணுகிறார்கள், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்க்கிறார்கள், ‘பல் துலக்கினார்களா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ராத்திரி குழாயடியில் யார் நிற்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. பணி நேரத்தை அரை மணி மாற்றி எழுத ஒரு மேலதிகாரிக்கு எத்தனை நாள் ஆகும்? நீங்கள் கேளுங்கள், எழுத்திலேயே கேளுங்கள்.

இந்த முறைக்கு ஒரு பிள்ளை விலக்கு. வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிற பிள்ளை உங்களிடமும் ஒருவராவது இருக்கும். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லத்துக்கு வருமுன் அடி வாங்கிய பிள்ளைக்கும், வேறு விதமாகத் துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கும், பின்னால் ஒருவர் வந்து நிற்பதே பயம். முகத்தருகே கை வருவது அதைவிடப் பயம். இந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கவே கூடாது, தலையைப் பிடிக்கவும் கூடாது. எதிரில், அதன் கண் மட்டத்துக்குக் கீழே உட்காருங்கள். முதல் சில நாட்கள் நீங்கள் உங்கள் பல்லைத் தேயுங்கள், அது பார்க்கட்டும். அப்புறம் பிரஷ்ஷை அதன் கையில் கொடுங்கள், பேஸ்ட் இல்லாமல்கூடப் பரவாயில்லை. பிறகு அதன் கைமேல் உங்கள் கையை வைக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் வையுங்கள். கை தூக்கினால் உடனே நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டு, தூக்கியதும் நிஜமாகவே நிறுத்துங்கள். தினமும் ஒரே ஆள், ஒரே இடம். ஒரு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். வலுக்கட்டாயமாக ஒருநாள் தேய்த்துவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் எந்தப் பல் மருத்துவரிடமும் வாயைத் திறக்காது. இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, அழ அழத் தேய்த்ததை நான் ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன். இன்றும் அது நினைவில் இருக்கிறது.

இனி அந்தப் படிவம். முகாம் நடத்தும் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் முகாமுக்கும் கிளினிக்குக்கும் நடுவில் நின்று தலைக்கணக்குப் பார்க்கிறவர்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். அவர்களுக்குத் தேவை எண்ணிக்கையும் புகைப்படமும். இரண்டு மாதத்தில் தானே விழப்போகிற முன்பல்லை அடைத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். சீழ் வைத்த கடைவாய்ப் பல்லுக்கு நாலைந்து முறை வர வேண்டியிருக்கும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். பல்லின் எண் இல்லாத, சிகிச்சையின் பெயர் இல்லாத, மயக்க மருந்து உண்டா என்று சொல்லாத ஒரு தாளில் 34 பேருக்கும் சேர்த்து நீங்கள் கையெழுத்துப் போட்டால், நாளை ஒரு பிள்ளைக்குக் கன்னம் வீங்கும்போது கேட்க உங்களுக்கு வாயிருக்காது.

சொல்ல வேண்டியது இதுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தாள். எந்தப் பல், என்ன சிகிச்சை, ஏன், ஊசி உண்டா, அடுத்த நாள் வலித்தால் எந்த மருத்துவரை அழைப்பது. கையெழுத்துப் போடும் உரிமை உங்களுக்கா, பாதுகாவலருக்கா, வேறு அதிகாரிக்கா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்க விடாதீர்கள். இவ்வளவும் கேட்டபின் அவர் திரும்ப வந்தால் பேசலாம். நல்ல எண்ணத்தில் வந்தவர் கண்டிப்பாக வருவார்.

அதற்காக 21 பேரையும் காத்திருக்க வைக்காதீர்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருக்கும் பிள்ளையை அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரவில் வலியால் எழுகிறவர்கள், ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர்கள், ஈறில் கொப்புளம் உள்ளவர்கள் அந்த வாரமே. இந்தப் பிள்ளைகள் வலியைச் சொல்ல மாட்டார்கள், சொல்லிப் பயனில்லை என்று பழகியிருப்பார்கள். சாப்பிடும்போது நீங்கள்தான் கவனிக்க வேண்டும். அடுத்து நிரந்தரப் பல்லில் சொத்தை உள்ளவர்கள். பின்பக்கப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை, அவற்றையும் ‘விழப்போகிறதுதானே’ என்று தள்ளாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லிக் கேளுங்கள். ஊசி இல்லை, துளையிடுதல் இல்லை, ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும்.

அப்புறம் அந்தத் தனித்தாள்களைப் பிள்ளையின் கோப்பில் வையுங்கள். என்னிடம் ஒரு பையன் வந்தான். வேறு ஊர் இல்லத்தில் தொடங்கிய வேர் சிகிச்சை பாதியில் நின்றிருந்தது. பல்லுக்குள் மருந்து வைத்து மூடியிருந்தார்கள், என்ன மருந்து, எப்போது வைத்தது என்று அவனோடு வந்தவருக்குத் தெரியவில்லை, பழைய இல்லத்திலும் குறிப்பு இல்லை. கடைசியில் அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளை இடம் மாறிப் போகும்போது பிரஷ்ஷும் அந்தத் தாளும் அதன் பையிலேயே போகட்டும்.