வரைபடத்துக்குள் ஒரு முகம்

கேள்வி: புதுமண்டபம் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஒரு சுவரொட்டி கிடைத்தது. தென் அமெரிக்க வரைபடம், உள்ளே அடுக்கடுக்காகச் சே குவேராவின் முகம். இது என்ன? அசலா? – வாசகர், செல்லூர், மதுரை.

பதில்: கியூபாவின் எலேனா செர்ரானோ 1968-இல் வடிவமைத்தது. 1967 அக்டோபரில் பொலிவியாவில் சே கொல்லப்பட்டார். அவர் நினைவு நாளுக்காக ஹவானாவின் 'ஓஸ்பால்' (ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மக்களுடனான ஒருமைப்பாட்டு அமைப்பு) வெளியிட்டது. முகம் விரிந்து விரிந்து கண்டமாகவே ஆகிவிடுகிறது. ஒருவர் இறந்தாலும் புரட்சி பரவும் என்பதை எழுத்தில்லாமலே சொல்லும் அபாரமான உத்தி! அளவுகோலோ குறி விளக்கமோ தேவைப்படாத வரைபடம் வழிகாட்ட வந்ததல்ல, நம்மைத் தன் பக்கம் இழுக்க வந்தது.

இந்த அமைப்பு பல சுவரொட்டிகளை மடித்து, தன் 'டிரைகான்டினென்டல்' இதழுக்குள் வைத்தே வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு என நான்கு மொழி வாசகங்கள் அதற்காகத்தான்.

அசலா என்று பார்க்க, மடிப்பை விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படாவிட்டால், புகைப்படத்திலிருந்து எடுத்த மறுபதிப்பு. தட்டுப்பட்டாலும் அதுமட்டும் சான்றாகாது. தாளின் பழுப்பையும் பாருங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது, மதுரை வெயிலில் பசை உருகித் தாளில் கறையாக இறங்கிவிடும். அமிலமற்ற தாளுக்கிடையே விரித்து வையுங்கள்.