ஓராண்டு சைக்கிள் சாதனை: வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. எட்டு வருடமாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன். 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டங்கள்) பலமுறை முடித்திருக்கிறேன். 1200 கிலோமீட்டரை 86 மணி நேரத்தில் ஓட்டினேன். ஓராண்டில் அதிக தூரம் ஓட்டும் சாதனைக்கு முயல வேண்டும் என்பது இரண்டு வருடமாக என்னைத் தூங்கவிடாத ஆசை. வரும் ஜனவரி 1 அன்று தொடங்கலாம் என்றிருக்கிறேன். வேலையை விட வேண்டியிருக்கும். சேமிப்பு ஒன்றரை வருடம் தாங்கும். மனைவியிடம் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள், அதற்கு மேல் பேசுவதில்லை. ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இறங்கலாமா? பயிற்சியை எப்படி அமைப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜனவரி 1 அன்று தொடங்காதீர்கள். ஆசையை விடச் சொல்லவில்லை, அந்தத் தேதியை விடுங்கள் என்கிறேன். ஏன் என்று உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன்.

1200 கிலோமீட்டர், 86 மணி நேரம். வகுத்தால் ஒரு நாளைக்கு 335 கிலோமீட்டர் வருகிறது. இப்போது சாதனைப் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்காவின் கர்ட் சர்வோகல் 2015 ஜனவரி 10 தொடங்கி ஓராண்டில் ஓட்டியது 76,076 மைல், அதாவது 1,22,432 கிலோமீட்டர். நாள் சராசரி அதே 335. நீங்கள் உடம்பைப் பிழிந்து ஓட்டிய அந்த 1200-ஐ இடைவெளியே இல்லாமல் 102 முறை ஓட்டினால்தான் அவரைத் தொட முடியும். அந்த 86 மணி நேரத்தில் நீங்கள் எவ்வளவு தூங்கினீர்கள்? முடித்த பிறகு படியேற எத்தனை நாள் கஷ்டப்பட்டீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. என் பதில் அந்த எழுதாத பகுதியைப் பற்றியதுதான்.

சர்வோகலைத் தாண்டி இன்னொருவர் இருக்கிறார். அமாண்டா கோக்கர், 2016 மே 15 முதல் 2017 மே 14 வரை, 86,573 மைல். கிலோமீட்டரில் 1,39,326. நாள் சராசரி 381. இது எப்பேர்ப்பட்ட எண் என்று புரிய ஓர் ஒப்பீடு போதும். இங்கிலாந்தின் ஸ்டீவ் ஏப்ரஹாம் நெடுந்தூர ஓட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். 2016-ல் ஒரு மாதச் சாதனைக்காக அவர் 30 நாளில் ஓட்டியது 7,104 மைல்; அதன் நாள் சராசரியும் 381 கிலோமீட்டர்தான். அவர் ஒரு மாதம் முழு மூச்சாக ஓட்டிய வேகத்தைக் கோக்கர் பன்னிரண்டு மாதம் பிடித்தார்.

எப்படி முடிந்தது? கால் பலம் மட்டும் காரணமில்லை. புளோரிடாவில் ஃபிளாட்வுட்ஸ் என்ற பூங்காவில், வண்டிகள் வராத சுமார் 7 மைல் சமதள வளையத்தில்தான் அவர் பெரும்பகுதியை ஓட்டினார். ஒரு நாளைக்கு முப்பது சுற்றுக்கும் மேல். கேட்பதற்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் சிக்னல் இல்லை, ஏற்றம் இல்லை, வழி தவறுவது இல்லை. தண்ணீரும் கழிப்பறையும் மாற்றுச் சக்கரமும் எப்போதும் 7 மைலுக்குள். 2011-ல் கார் மோதிப் பலத்த காயம்பட்டவர் அவர். அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்ததன் பின்னால் அதுவும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஏப்ரஹாமுக்கு நடந்ததையும் பாருங்கள். 2015 ஜனவரியில் ஆண்டுச் சாதனைக்காகப் பொதுச் சாலையில் தொடங்கினார். மார்ச்சில் ஒரு மொபெட் மோதிக் கணுக்கால் முறிந்தது. மனிதர் விடவில்லை, எலும்பு கூடும் வரை மூன்று சக்கர சைக்கிளில் ஒற்றைக் காலால் மிதித்தார். ஆகஸ்டில் கணக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நீங்கள் எந்தச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பயிற்சிக்கு முன் முடிவாக வேண்டியது அது.

இனி நாளைப் பிரித்துப் பார்ப்போம். 335 கிலோமீட்டரை மணிக்கு 25 வேகத்தில் ஓட்டினால் 13 மணி 24 நிமிடம். தூக்கத்துக்கு 7 மணி நேரம் ஒதுக்குங்கள். குறைத்தால் இரண்டாவது மாதத்திலேயே உடம்பு கணக்குத் தீர்க்கும். மிச்சம் 3 மணி 36 நிமிடம். குளிப்பது, நிதானமாகச் சாப்பிடுவது, புண்ணுக்கு மருந்து, பஞ்சர், செயின் மாற்றுவது, ஜிபிஎஸ் பதிவை அனுப்புவது, பல் வலித்தால் மருத்துவர், மகளின் பள்ளி விழா எல்லாம் இதற்குள். எதிர்காற்றில் வேகம் 23-க்கு இறங்கினால் அதிலிருந்தும் 1 மணி 10 நிமிடம் போய்விடும். நான் பார்த்த வரையில், இந்த மாதிரி முயற்சிகள் சைக்கிள் மேல் உடைவதைவிட இந்த மூன்றரை மணி நேரத்தில் உடைவதே அதிகம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த 335 மீதமுள்ள நாட்களின் தலையில் ஏறும். மொத்தமாக 30 நாள் போனால், மீதி ஒவ்வொரு நாளும் 365 ஓட்ட வேண்டும்.

இந்தச் சாதனை 1911-லேயே தொடங்கியது. இங்கிலாந்தில் ஒரு சைக்கிள் பத்திரிகை நடத்திய போட்டியில் மார்செல் பிளேன்ஸ் 34,366 மைல் ஓட்டினார். எல்லோரும் பேசுவது 1939-ஐப் பற்றித்தான். டாமி காட்வின், 75,065 மைல். ஜிபிஎஸ் இல்லாத காலம். போகிற ஊர்களில் சாட்சிகளிடம் அட்டையில் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். ஜூன் 21 அன்று ஒரே நாளில் 361 மைல் ஓட்டினார். செப்டம்பரில் போர் தொடங்கி விளக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தபின், இருட்டுச் சாலைகளில் ஏறக்குறைய ஒளியே இல்லாத விளக்கோடு ஓட்டினார். அக்டோபர் 26-லேயே பழைய சாதனையைத் தாண்டிவிட்டார், ஆனால் நிற்கவில்லை. ஆண்டு முடிந்தும் நிற்கவில்லை, 1940 மே மாதத்தில் 500 நாளில் ஒரு லட்சம் மைலைத் தொட்டார். பிறகு ஒழுங்காக நடக்கப் பழகவே அவருக்கு வாரக்கணக்கில் ஆனது. அவருடைய எண் 76 ஆண்டு அசையவில்லை. எனக்கு அவர் மேல் தீராத மரியாதை உண்டு. ஆனால் அந்த வாரங்களை நீங்களும் மனதில் வைக்க வேண்டும்.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நான் ஒருமுறை நாளுக்கு 250 கிலோமீட்டர் என்று 30 நாள் திட்டமிட்டேன். கால் நன்றாகவே இருந்தது. பன்னிரண்டாம் நாள் இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஊன்றும் இடத்தில், அந்த இரண்டு விரல்களுக்குப் போகும் நரம்பு நசுங்குகிறது. கையுறை மாற்றினேன், பிடியை உயர்த்தினேன், தொடர்ந்தேன். பத்தொன்பதாம் நாள் காலை சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல் பொத்தானைத் தொடுவது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் கண்ணாடி முன் நின்றேன். பிறகுதான் உறைத்தது, இந்தக் கையால்தான் நேற்று இறக்கத்தில் பிரேக் பிடித்திருக்கிறேன் என்று. அன்றே நிறுத்தினேன். உணர்ச்சி முழுதாகத் திரும்ப நான்கு மாதம் ஆனது. பன்னிரண்டாம் நாளே சைக்கிளை விட்டு இரண்டு நாள் இறங்கியிருந்தால் முடித்திருப்பேனோ என்று இன்றும் தோன்றும்.

கழுத்துத் தசை தளர்ந்து தலை தொங்கிவிடுவது, சீட் உரசிப் புண்ணாகிச் சீழ் வைப்பது, பாதம் எரிவது இதெல்லாம் நெடுந்தூரக்காரரான உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: எலும்பு. சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்கிவிடுவதால் எலும்புக்கு வேலை இல்லை. வருடக்கணக்கில் சாலையில் ஓட்டுபவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரம் இரண்டு முறை எடை தூக்குங்கள். தொடங்கும் முன் எலும்பு அடர்த்தி, இசிஜி, எக்கோ மூன்றையும் பார்த்து, விளையாட்டு மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் கடுமையானது. பெடலில் சராசரி 130 வாட் என்று 13 மணி நேரம் மிதித்தால், மிதிப்பதற்கு மட்டும் ஏறக்குறைய 6,000 கலோரி ஆகும். அமெரிக்காவைக் குறுக்காக மாதக்கணக்கில் ஓடிக் கடந்தவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நீண்ட நாள் ஓட்டத்தில் மனித உடல் செலவிடுவது, ஓய்வில் தேவைப்படும் ஆற்றலைப் போல் சுமார் இரண்டரை மடங்கில் வந்து நிற்கிறது என்றும், குடலால் அதற்கு மேல் உள்வாங்க முடியாததே காரணமாக இருக்கலாம் என்றும் அது சொன்னது. மிச்சத்தை உங்கள் கொழுப்பும் தசையும்தான் கொடுக்க வேண்டும். அதனால் உங்கள் மூளை முழுவதும் வாட்டைக் குறைப்பதில் இருக்கட்டும். உட்காரும் நிலை, துணி, டயர், காற்றில்லாத நேரம் எதிலாவது 10 வாட் மிச்சப்பட்டால் நாளுக்கு 470 கலோரி மிச்சம். அது ஒரு வேளைச் சாப்பாடு. அதைச் சாப்பிடும் நேரமும் மிச்சம்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு வருட அடித்தளம் உங்களிடம் இருக்கிறது. பேச்சு தடைபடாத மூச்சிலேயே பெரும்பாலும் ஓட்டிப் பழகுங்கள், வேகப் பயிற்சி வேண்டாம். கழுத்துக்கும் முதுகுக்கும் தனியாகச் செய்யுங்கள்.

ஜனவரி 1 அன்று தொடங்குவதற்குப் பதிலாக வேறொன்று செய்யுங்கள். வேலையை விடாமல், ஒரு மாதம் விடுப்பு எடுங்கள். வண்டி வராத சமதள வளையம் ஒன்றைக் கண்டுபிடித்து, 28 நாள், நாளுக்கு 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். எழுந்தவுடன் நாடித்துடிப்பு, எடை, தூங்கிய நேரம், மனநிலைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவு போதும் குறிப்பேட்டில். முதல் மூன்று வாரத்தை நம்பாதீர்கள், உற்சாகம் இழுத்துப்போகும். நான்காவது வாரம்தான் பேசும். அதே துடிப்பில் வேகம் இறங்கிக்கொண்டே போகிறதா, எடை கரைகிறதா, சாப்பாட்டைப் பார்த்தால் எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். முடித்த அன்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்து படியுங்கள். அப்போதும் இறங்கத் தோன்றினால், உலக அல்ட்ரா சைக்கிள் சங்கத்தின் விதிகளை வாங்கி வரிக்கு வரி படித்துவிட்டு ஒரு தேதி குறியுங்கள். ஜனவரி 1 என்று கட்டாயமில்லை. சர்வோகல் தொடங்கியது ஜனவரி 10, கோக்கர் மே 15.

இனி "உங்க இஷ்டம்". உங்கள் மனைவி சம்மதித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. மறுத்தும் பயனில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டதாகவே எனக்குக் கேட்கிறது. நீங்கள் ஓட்டும் 13 மணி நேரத்திலும் வீடு நடக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் நிரப்புவதும், நாளுக்கு இரண்டு செட் துணி துவைப்பதும், ஐந்து வயதுக் குழந்தை "அப்பா எப்ப வருவாங்க" என்று கேட்டால் பதில் சொல்வதும் அவர்தான். சாதனைச் சான்றிதழில் அவர் பெயர் இருக்காது. சேமிப்பில் ஒரு பகுதியை உதவிக்கு ஆள் வைப்பதற்கென்றே இப்போதே பிரித்துவிடுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் அந்த ஆண்டும் இல்லை.

நிறுத்தும் அதிகாரத்தையும் அவரிடம் கொடுங்கள். எப்போது நிறுத்துவது என்பதைத் தெளிந்த மனதோடு இருக்கும்போதே எழுதிவையுங்கள்: ஓட்டும்போது கண் செருகினால், நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால், கையால் பிரேக்கை இறுகப் பிடிக்க முடியாமல் போனால். அந்த நாள் வரும்போது நீங்கள் வாதாடுவீர்கள். நானும் வாதாடினேன், என்னை நிறுத்தியது என் பொத்தான்தான். உங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார், அவர் சொன்னால் அன்றைக்கு அதற்கு மேல் பேச்சில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்த வாரக் கடைசியில் ஒரு பெரிய தாளில் 24 கட்டம் போடுங்கள். சாதனை ஆண்டின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மணிக்கு மணி நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் என்ன செய்கிறீர்கள், அவர் என்ன செய்கிறார், மகள் எங்கே இருக்கிறாள் என்று எழுதுங்கள். பென்சிலை அவரிடம் கொடுத்துவிட்டு, எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எந்தக் கட்டத்தை அடித்து மாற்றினார் என்று எனக்கு எழுதுங்கள். பயிற்சி அட்டவணையை அதற்குப் பிறகு சேர்ந்து போடலாம்.