தூண்டிலும் ஏரியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்காபரோ பிளஃபர்ஸ் பார்க்கில் இருந்து 17 அடி அலுமினியப் படகில் இரண்டு பேர் ஒன்ராறியோ ஏரிக்குள் போகிறோம். சாமன் மீன் பிடிக்க முதலில் எந்தச் சாமானுக்குக் காசு போடலாம்? கடையில் ஸ்பூன்களைத்தான் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) வரிசையாகக் காட்டுகிறார்கள். (ஸ்காபரோ வாசகர்)

பதில்: ஸ்பூனைக் கடைசியில் வாங்குங்கள். சினூக் சாமனுக்குப் பிடித்த குளிர் ஏறத்தாழ 10 முதல் 13 பாகை செல்சியஸ். ஆடி, ஆவணியில் அந்தக் குளிர் 40 அடியிலும் கிடக்கும், 120 அடியிலும் கிடக்கும். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காத ஸ்பூன் எவ்வளவு மினுங்கினாலும் வீண். ஆகவே முதற் செலவு ஆழத்துக்கு.

கையால் சுற்றும் டவுன்றிகர் (குண்டைக் கம்பியில் இறக்கி, ஓடும் படகுக்குப் பின்னால் இரையை வேண்டிய ஆழத்தில் வைக்கும் கருவி) இரண்டும், 10 அல்லது 12 இறாத்தல் ஈயக்குண்டு இரண்டும் போதும். அவற்றுக்கு எட்டு, எட்டரை அடி நீளத்தில் நன்றாக வளையும் றொட் (தூண்டில் தடி) இரண்டு. நூல் சுற்றும் றீல், வெளியே போன நூலை அளக்கும் கவுண்டர் உள்ளதாகவும், 20 இறாத்தல் தங்கூசியில் 300 யார் கொள்ளக்கூடியதாகவும் இருக்கட்டும். சினூக் ஒரே ஓட்டத்தில் 100 யாரை உருவிக்கொண்டு போகும். சாதாரண ஸ்பின்னிங் றீல் அதற்குத் தாங்காது.

இந்த ஏரியில் படகில் இருந்து பிடிப்பவர் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். ஆகவே மிஞ்சிய இரண்டுக்கும் டிப்சி டைவர் போடுங்கள். அது நீரைக் கிழித்துக்கொண்டு தானே கீழே இறங்கும் வட்டத் தட்டு. அடியில் உள்ள இலக்கத்தை 0 இல் வைத்தால் நேர் கீழே, ஆக ஆழத்துக்குப் போகும். 3 இல் வைத்தால் படகை விட்டு நன்றாகப் பக்கவாட்டில் விலகும், ஆழம் குறையும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தட்டை எதிரெதிராகத் திருப்பி வைக்க மறந்தால், இரண்டு நூலும் படகுக்குப் பின்னால் ஒன்றாக முறுக்கிக்கொள்ளும். டைவர் றொட் 9 அல்லது 10 அடி, கொஞ்சம் விறைப்பானது. இழுவை பெரிது என்பதால் கையில் பிடிக்கப் பார்க்காதீர்கள், உறுதியான தாங்கியில் வையுங்கள்.

டவுன்றிகரை மெல்லிய அலுமினிய விளிம்பில் வெறும் ஆணியால் பூட்ட வேண்டாம். உட்பக்கம் கனமான தகடு கொடுத்து, போல்ட் போட்டு இறுக்குங்கள். அதைவிட முக்கியம், டவுன்றிகரின் பிரேக்கைக் கல்லாக இறுக்காமல் விடுவது. குண்டு அடியில் கல்லிலோ மரத்திலோ மாட்டினால் கம்பி தானே ஓடி விட வேண்டும். ஓடாவிட்டால் கம்பி அறும், அல்லது விளிம்பு கிழியும், சின்னப் படகு சரியவும் கூடும். மாட்டியவுடன் இயந்திரத்தை நிறுத்தாமல் வேகத்தை ஆகக் குறைத்து, வந்த வழியே திரும்பி, மாட்டிய இடத்துக்கு மேலே வந்து கம்பியை மேலே இழுக்க வேண்டும். கம்பி வெட்டும் குறடு கைக்கெட்டிய இடத்தில் கிடக்கட்டும்.

வடக்குக் காற்றில் கரை ஓரம் கண்ணாடி மாதிரித் தெரியும். இரண்டு மைல் உள்ளே போன பிறகுதான் அலை தெரியும். அந்தப் படகுக்கு அது நல்லதல்ல.

கேள்வி: டவுன்றிகரின் கவுண்டர் 90 அடி காட்டுகிறது. சோனாரில் மீனும் 90 அடியில்தான். ஒரு மணிநேரமாக ஒன்றும் இல்லை. பக்கத்துப் படகு மட்டும் எடுக்கிறது. ஏன்? (ஏஜக்ஸ் வாசகர்)

பதில்: கவுண்டர் சொல்வது வெளியே போன கம்பியின் நீளம். ஆழம் வேறு. படகு ஓடும்போது குண்டு பின்னால் சாய்ந்து போகும். ஆழமும் வேகமும் கூடக் கூட, குண்டு இலேசாக இருக்க இருக்க, சாய்வு கூடும். கம்பியைப் பாருங்கள், பின்னோக்கிச் சரிந்து நின்றால் உங்கள் 90 உண்மையில் 90 இல்லை. கனமான குண்டு போடுங்கள், அல்லது கம்பியை இன்னும் விட்டு, குண்டு மீனுக்குச் சற்று மேலே நிற்கிறதா என்று சோனாரில் அதன் கோட்டைப் பாருங்கள். சாமன் கீழே இருந்து மேலே பார்த்து எழும் மீன். இரையை அதற்கு 5, 10 அடி மேலே ஓட விட்டால் போதும்.

அடுத்தது வேகம். ஜிபிஎஸ் காட்டும் மணிக்கு 2.3 மைல் நிலத்தைப் பொறுத்த வேகம். 90 அடியில் எதிர் நீரோட்டம் இருந்தால் ஸ்பூன் 3 மைலில் சுழலும், நீரோட்டம் பின்னால் இருந்தால் செத்த இலை மாதிரித் தொங்கும். கருவி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். படகை மெதுவாக ஆங்கில எஸ் வடிவில் வளைத்து ஓட்டுங்கள். உட்பக்கத் தூண்டில் மெதுவாகி இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்து ஏறும். கடி உட்பக்கத்தில் விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள், வெளிப்பக்கத்தில் விழுந்தால் கூட்டுங்கள். ஒரே நேர்கோட்டில் மணிக்கணக்காக ஓடுவதில் மினக்கெட வேண்டாம்.

பிளாஷரும் (நீரில் சுழன்று மினுங்கும் தட்டு) ஈயும் (கொழுவியில் இழை கட்டிய போலி இரை) போடுபவர்கள் இடைநூலை அளந்து பாருங்கள். 8 அங்குலப் பிளாஷருக்குப் பின்னால் ஈ சுமார் 20 அங்குலத்தில் இருக்கலாம், 11 அங்குலத்துக்கு 26 முதல் 30 வரை. நூல் 40 அல்லது 50 இறாத்தல் தடித்த தங்கூசி. மெல்லிய நூல் போட்டால் பிளாஷரின் உதறல் ஈயைச் சேராது, ஈ சும்மா பின்னால் வரும். ஒரு மீன் கடித்து நூல் சுருண்டிருந்தாலும் அதே கதைதான், உடனே மாற்றுங்கள்.

ரொறன்ரோக் கரைக்குப் பொதுவாக ஒன்று: மேற்குக் காற்று ஓரிரு நாள் பலமாக அடித்தால் மேலே உள்ள சூட்டு நீர் தெற்கே தள்ளப்பட்டு, கரையோரம் கீழ்க்குளிர் எழும்பி வரும். நேற்று 100 அடியில் பிடித்த மீன் இன்று 40 அடியில் நிற்கும். நேற்றைய ஆழத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பலருக்கு வரும் பிழை.

கேள்வி: ட்ரோலிங்கைக் கனடா எப்படி அனுமதிக்கிறது? இலங்கையில் அதைத்தானே தடை செய்தார்கள்? (மார்க்கம் வாசகி)

பதில்: 2017 இல் இலங்கைச் சட்டம் தடை செய்தது இழுவைமடியை, அதாவது கடலடியைச் சுரண்டி வலை இழுக்கும் ட்ரோலர் முறையை. இங்கே ட்ரோலிங் என்பது ஓடும் படகின் பின்னால் தூண்டில் இழுப்பது. காதில் விழும் ஒலி மட்டுமே ஒன்று.

கேள்வி: கோடையில் நூலில் நனைந்த பஞ்சு மாதிரி ஏதோ திரண்டு, றொட் நுனியில் அடைத்துக்கொள்கிறது. (பிக்கரிங் வாசகர்)

பதில்: அது கொக்கிவால் நீர்த்தெள்ளு. கறுங்கடல், கஸ்பியன் பக்கத்து உயிர், கப்பல்கள் சமநிலைக்காக அடியில் ஏற்றும் நீரோடு வந்தது. ஒன்ராறியோ ஏரியில் 1998 இல் கண்டுபிடித்தார்கள். வாலில் உள்ள கொக்கி மெல்லிய நூலில் மாட்டும், ஒன்றில் ஒன்று தொற்றித் திரளும். அந்தத் திரளோடு மீனை இழுத்தால் நுனி வளையத்தில் நூல் நிற்கும், மீன் அறுத்துக்கொண்டு போகும், சில வேளை நுனியே முறியும். ஆடி, ஆவணிக்கு மட்டும் 30 இறாத்தல் தடித்த தங்கூசிக்கு மாறுங்கள். பின்னல் நூலில்தான் தொல்லை ஆகக் கூட. சுற்றும்போது நூலை விரலால் வீணைத் தந்தி மாதிரிச் சுண்டிக்கொண்டே வந்தால் பாதி உதிரும்.

அந்த நூலோடு அப்படியே உள்நாட்டு ஏரிக்குப் போகாதீர்கள். நன்றாகக் காய விடுங்கள். படகின் அடைப்பானைத் திறந்து நீரை வடித்த பிறகே வீதியில் ஏற்ற வேண்டும், ஒன்ராறியோவில் 2022 தை முதல் அது சட்டம்.

கேள்வி: படகை விற்றுவிட்டேன். டவுன்றிகர் இரண்டு, றீல் நான்கு, பெட்டி நிறைய ஸ்பூன். எப்போது, எப்படி விற்கலாம்? (மிசிசாகா வாசகர்)

பதில்: பங்குனி, சித்திரையில் விற்றுவிடுங்கள், அப்போதுதான் ஆட்கள் தேடுவார்கள். ஐப்பசியில் விளம்பரம் போட்டால் கேட்கும் விலை அரைவாசிதான். வாங்குபவர்களுக்கு அதுவே நல்ல காலம்.

முதலில் பழைய நூலை உருவி எறியுங்கள். றீலை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீர்த் துணியால் துடையுங்கள், குழாயைப் பிடித்து அடிக்க வேண்டாம், மசகு உள்ளே கழுவுப்படும். கவுண்டரைச் சோதிக்க, புது நூலை விளிம்புவரை நிரப்பி, முற்றத்தில் 100 அடி அளந்து இழுத்துப் பாருங்கள். நூல் குறைந்த றீலில் கவுண்டர் எப்போதும் கூடவே காட்டும், அதை வைத்து றீல் பழுது என்று வாங்குபவர் திரும்பிப் போவார். றொட் வளையங்களுக்குள் காது துடைக்கும் பஞ்சைச் சுற்றுங்கள். இழை மாட்டினால் வெடிப்பு உண்டு, அதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். படத்தில் மறைத்த வெடிப்பு நேரில் விலையைப் பாதியாக்கும்.

டவுன்றிகர் கம்பியின் கடைசி 10 அடியைக் கையுறை போட்டுத் தடவுங்கள். உடைந்த இழை குத்தினால் அந்தப் பகுதியை வெட்டிப் புதுக் கிரிம்ப் (கம்பியை நெரித்துப் பூட்டும் குழாய்) போடுங்கள். மின்சார டவுன்றிகர் என்றால் பற்றரியைக் கொண்டுவந்து, குண்டைத் தொங்கவிட்டு ஏற்றிக் காட்டுங்கள். சுமையில்லாமல் ஓடும் மோட்டார் ஒன்றையும் நிரூபிக்காது.

றொட், றீல், டைவர் மூன்றையும் ஒரே தொகுப்பாக விற்றால் கெதியாகப் போகும். ஸ்பூன்களை ஒவ்வொன்றாக விலை பேசினால் கோடை வந்துவிடும், கொழுவி துருப்பிடிக்காதவற்றை டசின் டசினாகக் கட்டுங்கள். ஈயக்குண்டைத் தபாலில் அனுப்ப நினைக்காதீர்கள், அனுப்பும் செலவு கட்டுப்படியாகாது. நேரில் வருபவருக்குக் கொடுங்கள், கொடுத்த பிறகு கையைக் கழுவுங்கள்.