பெயர் வினைகள் மனசில் நிற்கலைன்னா

எம்.எஸ்சி. வேதியியல் முதல் செமஸ்டர், பெயர் வினைகளை (ஆட்களின் பெயரால அழைக்கிற கரிம வேதிவினைகள்) மனப்பாடம் பண்ணியும் மெக்கானிசம், அதாவது வினை படிப்படியா நடக்கிற விதம், எழுத வரலைன்னு கேட்டிருக்கீங்க. தமிழ் மீடியம்தான் காரணம்னு நினைக்காதீங்க, நானும் அங்கிருந்து வந்தவள்தான். மனப்பாடத்தை விட்டுட்டு, முக்கியமான பிகேஏ மதிப்புகள் (அமில வலிமையைக் காட்டுற எண், குறையக் குறைய புரோட்டானைப் பிடுங்குறது சுலபம்) பதினைந்தை மட்டும் விரல்நுனியில் வச்சுக்கோங்க.

கிளெய்சன் கண்டன்சேஷனையே பாருங்க, காரத்தால ரெண்டு எஸ்டர் மூலக்கூறு சேர்ந்து பீட்டா கீட்டோ எஸ்டர் ஆகிற வினை. எத்தில் அசிட்டேட்டின் ஆல்ஃபா ஹைட்ரஜனுக்கு (கார்போனைலுக்கு, அதாவது C=O-க்கு, அடுத்த கார்பனில் இருக்கிறது) பிகேஏ சுமார் 25, எத்தனாலுக்கு 16. அதனால ஈத்தாக்சைடு (எத்தனால் ஒரு புரோட்டானை இழந்தா வர்ற காரம்) அந்தப் புரோட்டானைக் கொஞ்சம்தான் பிடுங்கும். ஆனா விளையுற பீட்டா கீட்டோ எஸ்டருக்கு 11. அதிலிருந்து கிட்டத்தட்ட முழுசா பிடுங்கிடும். வினையை முன்னால இழுக்கிறதே இந்தக் கடைசிப் படிதான். காரம் வினையூக்கி அளவில் போதாதுன்னு சொல்றதும் இதனாலதான். எத்தில் ஐசோபியூட்டிரேட்டில் ஈத்தாக்சைடு பலிக்காது. ஏன்னா அதன் விளைபொருளில் ரெண்டு கார்போனைலுக்கு நடுவே பிடுங்க ஹைட்ரஜனே இல்லை. இது ஒருதடவை பிடிபட்டா மறக்கவே மறக்காது.

மெக்கானிசத்தில் எலக்ட்ரான் நகர்றதைக் காட்டுற அம்புக்குறியை எலக்ட்ரான் இருக்கிற இடத்திலிருந்து தொடங்குங்க. நிறைய பேர் ஹைட்ரஜனிலிருந்து போட்டு மார்க்கை விடறாங்க. தினம் ரெண்டு வினை, வெற்றுத்தாளில், புத்தகத்தை மூடிட்டு.

விடுதியில் சத்தம்னு சொன்னீங்களே, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் வச்சுப் படிக்கத் தனிப் பகுதி இருக்கு, போங்க. எந்த வினையில் சிக்குதுன்னு இங்கேயே எழுதுங்க, படிப்படியா போட்டுக் காட்டறேன்.