காசிக்குப் போகாத 18 பேர்: முன்பணத்தை யாரிடம் கேட்பது?

(2021 ஜனவரியில் எழுதியது; விதிகளும் கெடுக்களும் அப்போதைய நிலவரம்.) கொரோனா ஊரடங்கு தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. போகாத பயணத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி இன்னும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தனியாளாக டிக்கெட் போட்டவர்களுக்கு வழி ஓரளவு தெளிந்துவிட்டது. கூட்டமாகச் சேர்ந்து பணம் கட்டியவர்கள்தான் திண்டாடுகிறார்கள். இந்த வாரம் முழுக்க அவர்களுடைய கேள்விகள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம். எங்கள் தெருவிலும் பஜனை மடத்திலுமாக 18 பேர் சேர்ந்து, 2020 மே மாதம் காசி, கயா, பிரயாகை போக ஒரு யாத்திரை ஏற்பாட்டாளரிடம் பதிவு செய்தோம். அவர் சென்னையில் இருக்கிறார். ஆளுக்கு 14,500 ரூபாய், அதில் 8,000 முன்பணம். எல்லோரிடமும் வாங்கி என் கணக்கிலிருந்து நான்தான் அனுப்பினேன். பயணம் நின்றுபோனது. 'முன்பணம் திரும்பாது, நிலைமை சரியானதும் அடுத்த பேட்ச்சில் அழைத்துப் போகிறேன்' என்கிறார். ரசீதின் பின்பக்கத்திலும் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்றுதான் அச்சடித்திருக்கிறது. இங்கே ஆளாளுக்கு என் வாசலில் வந்து நிற்கிறார்கள். நான் கைக்காசைப் போட்டுக் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், டீச்சர். நீங்கள் பணத்தை வாங்கிக் கைமாற்றிவிட்டவர், அவ்வளவுதான். கட்டணம் எதுவும் வாங்காமல் செய்த உதவி நுகர்வோர் சட்டத்தின் பார்வையில் 'சேவை' ஆகாது. ஆகவே உங்கள் மேல் அந்தச் சட்டத்தில் யாரும் புகார் கொடுக்க முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து பேரைச் சேர்த்துக் கொடுத்தால் சேர்த்துவிட்டவருக்கு ஓர் இடம் இலவசம் என்று பல ஏற்பாட்டாளர்கள் சொல்வதுண்டு. உங்களுக்கும் அப்படி ஏதாவது பேசியிருந்தால், அதை முதலில் மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களுக்கே வேறு வழியில் தெரியவந்தால், 1,44,000 ரூபாய்க் கணக்கை விட அந்த ஓர் இடம்தான் தெருவில் பெரிய பேச்சாகும்.

யார் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள், நீங்கள் எந்தத் தேதியில் மொத்தமாக அனுப்பினீர்கள் என்று ஒரே தாளில் எழுதி, வங்கிக் கணக்கு நகலோடு எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வாசலில் நிற்கும் கூட்டம் அதிலேயே பாதி குறையும்.

இனி ஏற்பாட்டாளர். 'திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வரி, நீங்களாக மனம் மாறி ரத்து செய்தால் பேசுகிற வரி. இங்கே நீங்கள் ரத்து செய்யவில்லை. மார்ச் 25 முதல் நாடே முடங்கியது, ரயில் ஓடவில்லை, அவரால் அழைத்துப்போக முடியவில்லை. ஒப்புக்கொண்ட காரியம் பிறகு செய்ய முடியாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாமல் போகும் என்கிறது 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தில் ஒருவர் பெற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. 'எல்லாம் கடவுள் செயல், நான் என்ன செய்வேன்' என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். சரி, கடவுள் செயல்தான். அதனால் பணம் அவரிடமே இருந்துவிட வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

சத்திரத்துக்கும் பேருந்துக்கும் கொடுத்த முன்பணம் போய்விட்டது என்பார். உண்மையாகவும் இருக்கலாம். அந்தச் செலவைக் கழிக்கலாமா கூடாதா என்பது வாதத்துக்குரிய விஷயம். அதனால் கழிக்கிறேன் என்றால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்களைக் கேளுங்கள். ரயில்வே தானே ரத்து செய்த ரயில்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தது. இ-டிக்கெட் என்றால், போட்டவர் கணக்குக்கே அது திரும்பியிருக்கும். அதாவது உங்கள் 18 பேரின் ரயில் கட்டணம் அவருடைய கணக்குக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்க வேண்டும். அந்தத் தொகையை 'போய்விட்டது' என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. பேச்சை இங்கிருந்து ஆரம்பித்தால் அவருடைய குரல் கொஞ்சம் இறங்கும்.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். 18 பேர் பெயரும் கையெழுத்தும், கட்டிய தொகை, 15 நாள் கெடு. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1800-11-4000. அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, ஆனால் எதிர்த்தரப்பிடம் பேசிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலை 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஏற்பாட்டாளர் இருக்கும் ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும். இப்போது புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நீங்கள் தஞ்சாவூரில் போடலாம், சென்னைக்கு அவருக்காக அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகக் கொடுக்கவும் 35-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. புகார் கொடுப்பதற்கான இரண்டு வருடக் காலக்கெடுவைப் பற்றி இப்போதைக்குப் பயம் வேண்டாம். கொரோனாவை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சிலேயே கெடுக்களை நீட்டித்திருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழுவின் நிலைமை வேறு. 12 பேர், திருநெல்வேலி. எங்கள் ஏற்பாட்டாளர் நல்லவர்தான், நின்றுபோன 2020 பயணத்துக்குப் பதிலாக வரும் மார்ச்சில் புறப்படலாம் என்கிறார். நான்கு பேர் வரப் பயப்படுகிறோம், எனக்கு 71 வயது. 'வராதவர்களுக்குப் பணம் கிடையாது, ஆள் குறைந்தால் மீதிப் பேருக்கு வேன் வாடகை கூடும்' என்கிறார். அது நியாயமா?

பதில்: உங்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மார்ச் தேதிக்கு நீங்கள் 'சரி' சொன்னீர்களா? வாட்ஸ்அப் குழுவில் ஒரு கும்பிடு பொம்மை போட்டிருந்தாலும் பார்த்துச் சொல்லுங்கள்.

சொல்லவில்லை என்றால், நீங்கள் பணம் கட்டியது 2020 பயணத்துக்கு. அது நடக்கவில்லை. மார்ச் பயணம் அவர் புதிதாக முன்வைப்பது, ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். முந்தைய பதிலில் டீச்சருக்குச் சொன்னது அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

சொல்லிவிட்டீர்கள் என்றால் கதை மாறுகிறது. இப்போது ரத்து செய்வது நீங்கள், ரசீதின் பின்பக்க நிபந்தனை அவருக்குத் துணை நிற்கும். அப்போதும் கையில் இரண்டு வாதங்கள் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அவசியமின்றி வெளியே போக வேண்டாம் என்ற மத்திய அரசின் அறிவுரை இந்த 2021 ஜனவரியிலும் நடப்பில் இருக்கிறது. தடை இல்லை, அறிவுரைதான். ஆனாலும் 71 வயதுக்காரர் அதைக் காட்டிப் பேசலாம். அடுத்தது, அவர் இப்போது தருவது அதே பயணமா? ஏசி பெட்டியில் போர்வை, தலையணை கொடுப்பதைக் கொரோனாவுக்காக ரயில்வே நிறுத்தி வைத்திருக்கிறது. ஓடுபவை சிறப்பு ரயில்கள். தங்குமிடத்தில் ஓர் அறைக்கு எத்தனை பேர், தரிசன நேரம் எப்படி என்பதெல்லாம் மாறியிருக்கும். பழைய விலைக்குப் பழைய பயணம் இல்லை என்றால் விலகுவதற்கு அது நல்ல காரணம்.

வேன் வாடகையில் நான் அவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். வேன் எட்டுப் பேருக்கும் அதே டீசல்தான் குடிக்கும். விலகும் நால்வரும் வேன் பங்கை மட்டும் விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்வது, நல்லவர் என்று நீங்களே சொல்லும் ஒருவரோடு வழக்காடுவதை விட மேல். பதிலாக நான்கு பேரைச் சேர்த்துவிட முடிந்தால் இன்னும் நல்லது, அவருக்கு நஷ்டமே இல்லை.

கேள்வி: 2020 மே 16 அன்று கங்கா காவேரி ரயிலில் போக கவுன்ட்டரில் எடுத்த மூன்று டிக்கெட்டுகள், மொத்தம் 18 பேர். ரயில் ரத்தானது. ஆறு மாதம் தாண்டிவிட்டதால் பணம் போச்சா?

பதில்: போகவில்லை. கவுன்ட்டர் டிக்கெட்டை ஒப்படைக்கப் பயணத் தேதியிலிருந்து கொடுத்திருந்த ஆறு மாதக் கெடுவை, 2021 ஜனவரி 7-ஆம் தேதி அறிவிப்பில் ஒன்பது மாதமாக நீட்டியிருக்கிறார்கள். 2020 மார்ச் 21 முதல் ஜூலை 31 வரையிலான பயணத் தேதிகளுக்கு, ரயில்வே ரத்து செய்த வழக்கமான ரயில்களுக்கு இது பொருந்தும். உங்களுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 16. 139 என்ற ரயில்வே தொலைபேசி எண்ணிலோ இணையத்திலோ ஏற்கெனவே ரத்து செய்திருந்தாலும் அசல் டிக்கெட்டோடு கவுன்ட்டருக்குப் போனால்தான் பணம். மூன்று டிக்கெட்டும் மூன்று வீட்டில் இருக்கும், இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடும்பமாக 9 பேர் அந்தமான் போக 2020 ஜனவரியில் ஓர் இணைய ஏஜென்ட் மூலம் விமான டிக்கெட் போட்டோம். பயணம் மே 12, ஒரு டிக்கெட் 6,000 ரூபாய். 'கிரெடிட் ஷெல்' என்று ஏதோ கொடுத்திருக்கிறார்கள். ஏஜென்ட்டைக் கேட்டால் விமான நிறுவனத்தைக் கேள் என்கிறார், அவர்கள் ஏஜென்ட்டைக் கேள் என்கிறார்கள்.

பதில்: 2020 அக்டோபர் 1-ஆம் தேதி, பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. ஊரடங்குக்கு முன்பே போட்டு, மே 24 வரை பறக்க வேண்டியிருந்த உள்நாட்டு டிக்கெட்டுகளுக்கு நிறுவனம் 15 நாளில் பணம் தர வேண்டும். நிதி நெருக்கடியால் முடியாவிட்டால் அதே தொகைக்கு கிரெடிட் ஷெல், அதாவது அந்த நிறுவனத்திலேயே வேறு டிக்கெட் எடுக்கப் பயன்படும் வரவு. அதற்கு ஆயுள் 2021 மார்ச் 31 வரை. உங்கள் பெயரில் இருந்தாலும் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், அவர் அதே ஏஜென்ட் மூலம் பயன்படுத்த வேண்டும். யாரும் பயன்படுத்தாவிட்டால் அந்தத் தேதிக்குப் பிறகு பணமாகத் தந்தே ஆக வேண்டும்.

வெறும் 6,000 அல்ல. ரத்தான நாளிலிருந்து ஜூன் 30 வரை மாதத்துக்கு அரை சதவீதம், அதன் பின் மார்ச் 31 வரை மாதத்துக்கு முக்கால் சதவீதம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மே மாதம் ரத்தானது என்று வைத்தால் மே, ஜூனுக்கு 60 ரூபாய், ஜூலையிலிருந்து ஒன்பது மாதத்துக்கு 405. ஆக ஒரு டிக்கெட்டுக்கு 6,465. ஒன்பது பேருக்கு 58,185. மார்ச் கடைசியில் இந்தக் கணக்கை மின்னஞ்சலில் போட்டு இருவருக்கும் அனுப்புங்கள். ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட்டின் பணம் ஏஜென்ட் கணக்குக்குத்தான் போகும், வந்த உடனே அவர் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எனவே 'எந்தத் தேதியில் ஏஜென்ட்டுக்கு அனுப்பினீர்கள்' என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருவரும் பந்து உருட்டுவது அந்த ஒரு பதிலில் நிற்கும்.

கேள்வி: இவ்வளவுக்குப் பிறகும் கேட்கிறேன். வரும் மே மாதம் 22 பேர் மூணாறு போக ஆசை. கோயம்புத்தூரிலிருந்து போகிறோம். இப்போதே பதிவு செய்யலாமா? ஒரு தங்கும் விடுதி 30 சதவீதத் தள்ளுபடி தருகிறது.

பதில்: தள்ளுபடி எதற்கு என்று பாருங்கள். ரத்து செய்தால் பணம் கிடையாது என்ற நிபந்தனைக்குத்தான் பெரும்பாலும் அந்த 30 சதவீதம். இந்த வருடம் அதை நான் வாங்க மாட்டேன்.

மூன்று நிலைமைக்கும் தனித்தனியாக விடுதியிடம் எழுத்தில் கேளுங்கள்: அரசு தடை போட்டால் என்ன, குழுவில் ஒருவருக்குத் தொற்று வந்தால் என்ன, நீங்களாகப் பயந்து நின்றால் என்ன. முதலாவதற்குப் பணம் திரும்பும் என்று எழுதித் தராத இடத்தில் பதிவே வேண்டாம். 'திரும்பும்' என்றால் காசா கூப்பனா, எத்தனை நாளில் என்பதையும் கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டை நம்பி இருக்க வேண்டாம். போகப் பயமாக இருக்கிறது என்பதற்குப் பொதுவாக எந்த பாலிசியும் பணம் தருவதில்லை. 2021 ஜனவரி நிலவரப்படி, கேரளத்துக்குள் போக 'கோவிட் ஜாக்ரதா' என்ற அம்மாநில அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, மே மாதத்துக்குள் விதி எப்படி மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

22 பேர் பணமும் ஒருவர் கணக்கில் சேர வேண்டாம். நான்கைந்து குடும்பமாக இருப்பீர்கள். குடும்பத்துக்கு ஓர் அறைப் பதிவு, தனித்தனி ரசீது. முன்பணம் சிறியதாக, மீதி அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. விடுதிக்காரர்களும் இந்த வருடம் ஆளுக்கு ஏங்கித்தான் இருக்கிறார்கள், கேட்டால் ஒப்புக்கொள்வார்கள்.